ரைஃபிளை முதுகில் சுமக்க எந்தப் பை? அமெரிக்க வேட்டைப் பைகளும் சிவாஜிநகர் தையலும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வேட்டைக்காரன் இல்லை. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இந்த நாட்டில் ஒருவர் தன்னை அப்படி அறிமுகப்படுத்திக்கொண்டால் பையைத் தேடுவதற்கு முன்னால் வக்கீலைத் தேட வேண்டியிருக்கும். நான் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறவன். வீடு பெங்களூரில் மர்ஃபி டவுன், கிளப் ஊரின் மறுகோடி, நடுவில் டிராஃபிக்குக்குப் பேர்போன சில்க் போர்டு ஜங்ஷன். அப்புறம் ஏன் வேட்டைப் பை பற்றி எழுதுகிறேன் என்றால், ஒரு மீட்டருக்கு மேல் நீளமும் ஐந்து கிலோ கனமும் உள்ள ஒரு பொருளைக் கை படாமல் சுமப்பது எப்படி என்று உட்கார்ந்து யோசித்தவர்கள் மூன்றே கூட்டம்தான்: ராணுவம், பனிச்சறுக்கில் போய்ச் சுடும் பயத்லான்காரர்கள், வேட்டைக்காரர்கள். ராணுவத்தின் பை நமக்கு ஆகாது, பயத்லானுக்குப் பனி வேண்டும், மிச்சம் இவர்கள்தான்.

எங்கள் கிளப் வாட்ஸப் குரூப்பில் புதிதாகச் சேரும் யாராவது ஒருவர் வெளிநாட்டு வீடியோ ஒன்றைப் போட்டு "அண்ணா, இந்தப் பை வாங்கலாமா, இதில் துப்பாக்கி வைக்கத் தனி இடம் இருக்கிறது" என்று கேட்காத மாதம் கிடையாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது.

சுமை என்னவென்று பார்த்துவிடலாம். சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் சங்கமான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிப்படி 10 மீட்டர் ரைஃபிளின் எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. வால்தரோ ஃபைன்வெர்க்பாவோ ஆன்ஷூட்ஸோ, எதை வாங்கினாலும் நாலரை ஐந்து கிலோ பக்கத்தில் நிற்கும். நீளம் 105 முதல் 110 செ.மீ. வரை. இதோடு ஜாக்கெட், கால்சட்டை, அடி தட்டையான ஷூ, கையுறை, பெல்லட் டப்பா. அந்த ஜாக்கெட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கித்தானில் விறைப்பாகத் தைத்தது, மடித்தால் மடங்காது, பாதிப் பையை அது ஒன்றே பிடித்துக்கொள்ளும். எல்லாம் சேர்த்து 12 கிலோவுக்கு மேல் போய்விடும். ரைஃபிளோடு வரும் கெட்டிப் பெட்டி இருக்கிறதே, அது தனியாகவே சில கிலோ. விமானத்தில் போட அதுதான் வேண்டும், மறுபேச்சு இல்லை. ஆனால் அதைக் கையில் தூக்கிக்கொண்டு அல்சூர் ஏரி ஓரமாகக் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள், ரேஞ்சில் போய் நிற்கும்போது வலது கை தனியாக ஆடும். நம் டார்கெட்டில் 10.3 புள்ளிக்கும் 10.6 புள்ளிக்கும் உள்ள வித்தியாசம் முக்கால் மில்லிமீட்டர். அந்தக் கையை வைத்துக்கொண்டு முக்கால் மில்லிமீட்டரைப் பிடிக்க முடியாது. கையை விடுவிக்க வேண்டும் என்று இவ்வளவு பேசுவது அதனால்தான்.

வேட்டைப் பைகள் எனக்கு எப்படிக் கைக்கு வந்தன என்பதையும் சொல்ல வேண்டும். என் மனைவியின் தம்பி அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தில், போய்சி என்ற ஊரில் இருக்கிறான். முட்டைகூடத் தொடாத ஆள், ஆனால் அக்டோபர் ஆனால் ஆபீஸ் நண்பர்களோடு மலையேறி, அவர்கள் லைசென்ஸ் வாங்கிச் சுட்ட எல்க் மானைச் சுமந்து இறக்கிக் கொடுக்கிறான். உடற்பயிற்சியாம். அவன் வீட்டு கராஜில் அவனுடையதும் நண்பர்களுடையதுமாகச் சில பைகள் தொங்கும். அங்கே போயிருந்தபோது எல்லாவற்றையும் மணல் மூட்டை போட்டு முதுகில் மாட்டி மலையடிவாரத்தில் நடந்து பார்த்தேன். ஒன்றை அவன் ஊருக்கு வரும்போது எனக்குக் கொண்டுவந்தும் கொடுத்தான். எபர்லெஸ்டாக், எக்ஸோ இரண்டும் அந்த ஊர்க் கம்பெனிகள். பக்கத்து மான்டானா மாநிலத்தின் போஸ்மன் என்ற ஊரில் ஸ்டோன் கிளேசியர், மிஸ்டரி ராஞ்ச். கிஃபாரு கொலராடோவில் ஆரம்பித்த கம்பெனி. இந்த ஐந்து பெயரைத் தெரிந்துகொண்டால் வீடியோக்களில் வரும் முக்கால்வாசி அடங்கிவிடும்.

இவர்கள் இந்தப் பையை வாங்குவது துப்பாக்கிக்காக அல்ல, இறைச்சிக்காக. ஓர் ஆண் எல்க்கை அறுத்து எலும்பு நீக்கினால்கூட 70 கிலோவுக்கு மேல் கறி நிற்கும், வண்டியோ பல மைல் கீழே. நாலைந்து நடையாக இறக்க வேண்டும். அதனால் முதுகோடு ஒட்டி, கார்பன் ஃபைபரிலோ அலுமினியத்திலோ ஒரு சட்டகம் வைக்கிறார்கள். சட்டகத்துக்கும் பைக்கும் நடுவில் உள்ள பட்டைகளைத் தளர்த்தினால் ஓர் இடைவெளி விரியும். இதற்கு லோட் ஷெல்ஃப் என்று பெயர், கறி மூட்டை அதற்குள், முதுகுக்கு எவ்வளவு நெருக்கமாகப் போக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக. பை அதற்கு வெளியே. கனமான பொருள் முதுகெலும்பை ஒட்டியிருந்தால் உடம்பு பின்னால் இழுபடாது, ஒரு கை தள்ளிப் போனாலே அதே கனம் இரட்டிப்பாகத் தெரியும். இடுப்புப் பட்டையும் சும்மா பெயருக்கு இல்லை. நான்கு விரல் அகலத்துக்கு மேல், உள்ளே கெட்டி ஃபோம், இடுப்பெலும்பின் மேல் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும். பட்டையை இறுக்கிவிட்டு, தோள் பட்டைகளுக்கு மேலே லோட் லிஃப்டர் என்று சின்னதாக ஒரு ஜோடி இருக்கும், அதையும் இழுத்தால் தோளுக்கும் பட்டைக்கும் நடுவில் காற்று போகும். இருபது கிலோ மணலோடு அப்படி நடந்தபோது, பெங்களூரில் லேப்டாப் பையோடு நடப்பதைவிட எனக்குச் சுகமாக இருந்தது.

ஒரு முக்கியமான விஷயம், பையின் லிட்டரைப் பார்த்து வாங்காதீர்கள், முதுகின் நீளத்தைப் பார்த்து வாங்குங்கள். தலையைக் குனிந்தால் கழுத்துக்குக் கீழே ஒரு எலும்பு துருத்துமே, அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல் விளிம்பு மட்டம் வரை டேப் வைத்து அளப்பதுதான் முதுகு நீளம். ஆறடி ஆளுக்கு அது குட்டையாகவும் ஐந்தரை அடி ஆளுக்கு நீளமாகவும் இருப்பது சகஜம், ஆக உயரத்தை வைத்துக் கணக்குப் போட முடியாது.

சரி, துப்பாக்கி எங்கே போகும்? இதில்தான் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வழி.

எபர்லெஸ்டாக்கின் வழி ஸ்கேபர்ட், அதாவது பையின் நடுவிலேயே தைத்த நீள உறை. 1984-இல் சரயேவோ குளிர்கால ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்காக பயத்லான் போட்டியில் இறங்கிய க்ளென் எபர்லே ஆரம்பித்த கம்பெனி இது. ரைஃபிளை முதுகில் மாட்டிக்கொண்டே மைல் கணக்கில் பனியில் சறுக்கிய ஆள், அந்த அனுபவம் பையில் தெரிகிறது. கன்ஸ்லிங்கர் என்ற மாடலில் உறையின் கீழ்ப்பாதி பைக்கு அடியில் வால் மாதிரி இறங்கும், வேண்டாதபோது சுருட்டி உள்ளே தள்ளிவிடலாம். குழல் கீழே, கட்டை மேலே என்று ரைஃபிளைச் செருகினால் கனம் சரியாக முதுகு நடுவில் உட்காரும். கை இரண்டும் சும்மா இருக்கும். ரைஃபிள் பக்கவாட்டில் ஆடாது. நடப்பதற்கு மட்டும் என்றால் நான் மாட்டிப் பார்த்ததிலேயே மிக வசதியானது இதுதான். ஒரே குறை, அவசரத்துக்கு எடுக்க முடியாது, பையைக் கழற்ற வேண்டும் அல்லது பின்னால் வருகிறவரைக் கூப்பிட வேண்டும். வேட்டைக்காரர்களுக்குக் குறை. நமக்கு அது குறையே இல்லை, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கிஃபாருவின் கன் பேரர் இதற்கு நேர் எதிர். இடுப்புப் பட்டையில் ஒரு கிண்ணம் மாதிரித் துணி உறை, அதில் ரைஃபிளின் கட்டை உட்காரும். மேலே தோள் பட்டைப் பக்கம் ஒரு கொக்கிப் பட்டை குழலைப் பிடித்துக்கொள்ளும். ரைஃபிள் உடம்பின் ஓரமாக, குழல் வானத்தைப் பார்த்து, தலைக்குப் பக்கத்தில் நிற்கும். பட்டையைத் தட்டினால் கைக்கு வந்துவிடும், பையைக் கழற்ற வேண்டாம். எடை மிகக் குறைவு, எந்தப் பையிலும் மாட்டலாம். ஆனால் ஒரு பக்கம் நாலு கிலோ கூடுதலாகத் தொங்குவது இடுப்புக்குத் தெரியும், மறுபக்கம் தண்ணீர் பாட்டிலை வைத்துச் சமன் செய்ய வேண்டும். புதரில் நுழைந்தால் குழல் கிளையில் மாட்டும். ஸ்டோன் கிளேசியர், மிஸ்டரி ராஞ்ச் போன்றவர்களும் தோள் பட்டையோடு இணைக்கும் இதே வகைச் சாதனங்களை விற்கிறார்கள். நார்வேயின் வோர்ன் இரண்டையும் கலந்த மாதிரி: ரைஃபிள் பைக்குள் நடுவில் இருக்கும், ஆனால் பையைக் கழற்றாமலே பக்கவாட்டில் கையை விட்டு உருவிவிடலாம். அந்தப் பையை நான் மாட்டிப் பார்த்ததில்லை, வேலை செய்யும் விதம் மட்டும் தெரியும், புத்திசாலித்தனமான வடிவமைப்பு.

பை வேண்டாம், பட்டை போதும் என்பவர்களுக்கு இரட்டைத் தோள் ஸ்லிங். ஜெர்மனியின் நிகெலோ நியோப்ரீனில் இப்படி ஒன்று செய்கிறது. பயத்லான் ஹார்னஸும் இதே குடும்பம். அந்த விளையாட்டில் ரைஃபிள் குறைந்தது 3.5 கிலோ இருக்க வேண்டும், குழல் மேலே பார்க்க முதுகில் மாட்டிச் சறுக்கி வந்து, சட்டென்று இறக்கி 50 மீட்டரில் ஐந்து குண்டு சுட்டுவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு பறக்கிறார்கள். மாட்டுவதும் கழற்றுவதும் மூச்சு விடும் நேரத்தில் நடக்கும். ஒற்றைத் தோள் ஸ்லிங்கைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. அது வழுக்கும், அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன எல்லாச் சாதனங்களும் ஒரே கேள்விக்குப் பதில் தேடுகின்றன: மான் எதிரில் வந்தால் எத்தனை நொடியில் ரைஃபிள் கைக்கு வரும்? காசு போவது அந்த நொடிகளுக்காக. நம் ஊரில் கேள்வியே தலைகீழ். வீட்டு வாசலிலிருந்து ஃபயரிங் லைன் வரை ரைஃபிள் கைக்கு வரவே கூடாது, அதன் ஒரு அங்குலம்கூட வெளியே தெரியக் கூடாது. ரேஞ்சில்கூட உள்ளே நுழைந்ததும் உறையைத் திறக்க விட மாட்டார்கள்; லைனில் நின்று, அனுமதி கிடைத்த பிறகு திறந்து, குழலில் பாதுகாப்புக் கொடியைச் செருகிவிட்டுத்தான் மற்ற வேலை. ஆக கன் பேரரும் வோர்னும் இரட்டை ஸ்லிங்கும் எவ்வளவு அருமையாக இருந்தாலும் நமக்குச் சல்லிக் காசுக்குப் பிரயோஜனம் இல்லை. வீடியோவில் பார்த்து ஆசைப்படும் பையன்கள் தயவுசெய்து இதை இரண்டு தடவை படிக்கவும். எபர்லெஸ்டாக் உறையும் முழுதாக மூடாது, கட்டைப் பகுதி மேலே துருத்தும், அதற்குத் தனியாக ஒரு குல்லா போட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பார்கள். 2016 ஆயுத விதிகளின்படி குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்குள், அதாவது நம் 4.5 மி.மீ., சக்தி 20 ஜூலுக்குள் இருக்கும் ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. சரி, ஆனால் ஹொய்சளா வண்டியில் இரவு ரோந்து வரும் போலீஸ்காரருக்கு உறைக்குள் இருப்பது ஏர் ரைஃபிளா வேறு ஏதாவதா என்று தூரத்திலிருந்து எப்படித் தெரியும்? பில், கிளப் அட்டை, சங்க அடையாள அட்டை மூன்றின் நகலையும் உறையின் வெளி ஜிப்பில் வையுங்கள். உறைக்கு உள்ளே வைத்தால் அட்டையைக் காட்டவே துப்பாக்கியைத் திறக்க வேண்டிய கேவலம் வரும். மெட்ரோவை மறந்துவிடுங்கள். எக்ஸ்-ரே மிஷினில் ரைஃபிளின் படம் ஓடும்போது பின்னால் நிற்கும் கூட்டத்துக்கும் சேர்த்து நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

நிறம் பற்றியும் ஒரு வார்த்தை. வேட்டைப் பைகள் பெரும்பாலும் மறைவண்ணத்தில், அதாவது காமோ துணியில் வருகின்றன. அவர்கள் ஊரிலேயே அதில் சிக்கல் உண்டு. கொலராடோவில் ரைஃபிள் சீசனில் 500 சதுர அங்குலமாவது கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சோ பிங்க்கோ உடம்பில் இருக்க வேண்டும் என்பது விதி. பெரிய பையை மாட்டினால் முதுகுப் பக்க ஆரஞ்சு மறைந்துபோகும், அதனால் பை மேல் ஆரஞ்சு உறை போடுகிறார்கள். எங்கள் தெருவிலிருந்து கொஞ்சம் நடந்தால் எம்.ஈ.ஜி. சென்டர், அதாவது ராணுவத்தின் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப், 'தம்பிகள்' என்று பெயரெடுத்த வீரர்களின் ரெஜிமென்ட். அந்த கேட் வழியாகக் காமோ பையும் நீள உறையுமாகத் தினம் போய் வருகிறவனை அவர்கள் அன்போடு பார்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. கறுப்பு, சாம்பல், கரு நீலம். வேறு நிறம் வேண்டாம்.

அடுத்தது ஸ்கூட்டர். அமெரிக்கப் பையை வடிவமைத்தவர் எவரும் ஆக்டிவாவில் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார். உட்கார்ந்த ஆளின் சீட்டிலிருந்து தலை உச்சி வரை 90 செ.மீ. பக்கம்தான் வரும். உறையோடு சேர்த்து ரைஃபிள் 115, 120 செ.மீ. ஆக முதுகில் நேராக மாட்டினால் ஒன்று அது தலைக்கு மேல் ஒரு முழம் துருத்தும், இல்லை அடிப்பாகம் சீட்டில் இடித்து மொத்தப் பையையும் மேலே தள்ளும், இடுப்புப் பட்டை விலா எலும்புக்கு ஏறிவிடும். ஸ்கேபர்ட்டின் வால் நடக்கும்போது எவ்வளவு சௌகரியமோ உட்காரும்போது அவ்வளவு தொல்லை. அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் இறங்கும்போது தலைக்கு மேல் துருத்தும் அந்த ஒரு முழம் நினைவிலேயே இருக்காது, உத்தரம்தான் நினைவுபடுத்தும். குறுக்காக மாட்டினால் பக்கத்து வண்டியின் கண்ணாடி. இதற்கு ஒரே வழி நீளத்தைக் குறைப்பது: கட்டையின் பின் முனையில் தோளில் பதியும் பட்பிளேட்டைக் கழற்றினால் ஏறக்குறைய ஒரு சாண் குறையும். அளவுகோல் கோடுகள் அதிலேயே இருக்கும், மார்க்கரால் ஒரு அடையாளம் போட்டுக்கொண்டால் திரும்ப அதே இடத்தில் மாட்டலாம். குறி பார்க்கும் பின் சைட்டையும் கழற்றித் தனி டப்பாவில் வையுங்கள். குழலைக் கட்டையிலிருந்து பிரிக்கும் வேலைக்கு மட்டும் போகாதீர்கள், ஒவ்வொரு தடவையும் மறுபடி ஜீரோ பார்த்துக்கொண்டு, அதாவது குறியைச் சரிசெய்துகொண்டு உட்கார வேண்டியிருக்கும். அப்படியும் சில்க் போர்டு ஜங்ஷனில் முதுகில் ரைஃபிளோடு ஸ்கூட்டர் ஓட்டுவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன், ஆட்டோ பிடியுங்கள், உறையை முழங்காலுக்கு நடுவில் சாய்த்து வைத்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டுப் பை இல்லாமல் என்ன கிடைக்கிறது? இங்கே ஆன்லைனில் விற்கும் சாதாரண ரைஃபிள் உறையைத்தான் கிளப்பில் பலர் வைத்திருக்கிறார்கள். நானும் ஒன்று வாங்கினேன், பெயர் வேண்டாம். 2,500 ரூபாய்க்கு அதன் துணி மோசமில்லை, 600 டெனியர் பாலியெஸ்டர் என்று போட்டிருந்தது. ஆனால் இரண்டு தோள் பட்டைகளும் உறையின் மேல் துணியில் ஒற்றை வரித் தையலில் நின்றன, உள்ளே ஒட்டுத் துணிகூட இல்லை. சில மாதத்தில் ஒரு பட்டை பிய்ந்து வந்தது. ஃபோம் விரல் தடிமன்கூட இல்லை, குழல் முனை இருக்கும் இடத்தில் அதுவும் நசுங்கிப் போச்சு. ஜிப் ரன்னர் மட்டும் கடைசி வரை உழைத்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

கிட்டார் பையில் வைக்கலாமே என்று ஒரு யோசனை உலவுகிறது. மோசமான யோசனை இல்லை. இரண்டு பட்டை உண்டு, நல்ல மெத்தை உண்டு, யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், ஆட்டோக்காரர் எந்தக் கோயில் கச்சேரி என்று மட்டும் கேட்பார். ஆனால் கிட்டாரின் வயிற்றுக்காக வெட்டிய அகலத்தில் ரைஃபிள் அங்குமிங்கும் புரளும், ஃபோம் துண்டு வெட்டி அடைத்தால்தான் நிற்கும். சக்கரம் வைத்த கிரிக்கெட் கிட் பை இன்னொரு யோசனை. நம் நடைபாதைகளில் சக்கரம் எவ்வளவு தூரம் உருளும் என்பது எல்லோருக்கும் தெரியும். டெக்கத்லானுக்கு சோலோன்யாக் என்று வேட்டைக்கான பிராண்டே உண்டு. அந்தச் சின்னப் பைகள் ரைஃபிளுக்கு ஆகாது, ஷூ, கையுறை, தண்ணீர், டிபன் பாக்ஸ் வைத்துக்கொள்ள நல்ல விலைக்கு நல்ல சாமான்.

நான் கடைசியில் வந்து நின்ற இடம் இதுதான். மனைவியின் தம்பி கொண்டுவந்த வேட்டைப் பையில் துப்பாக்கிக்கென்று இருந்த எல்லா உறுப்பையும் கழற்றி அலமாரியில் போட்டுவிட்டேன். மிச்சம் இருந்தது சட்டகம், இடுப்புப் பட்டை, லோட் ஷெல்ஃப். கறி மூட்டைக்காக விட்ட அந்த இடைவெளியில் ரைஃபிள் உறை நெட்டாக, முதுகை ஒட்டி, அப்படியே போய் உட்கார்ந்துகொண்டது. வெளிப்பையில் ஜாக்கெட்டும் மற்றதும். கனமான சாமான் உள்ளே, இலேசானது வெளியே, எல்க் கறிக்கு என்ன கணக்கோ அதே கணக்கு. கொஞ்சம் துருத்தும்தான், நடக்கும்போது தொந்தரவில்லை, ஆட்டோவில் ஏறும்போது பையைக் கழற்றி முன்னால் வைத்துக்கொள்கிறேன்.

உறையை மட்டும் சிவாஜிநகரில் தைத்தேன். ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் பை தைக்கும் கடைகள் நிறைய உண்டு. நான் போன கடையில் பாய் முதலில் பிய்ந்த பழைய உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இது பார்க்கிறதுக்குத் தச்சது, தூக்குறதுக்குத் தச்சது இல்லை" என்றார். என்ன வைக்கப் போகிறேன் என்று சொன்னதும் பில் இருக்கிறதா என்று கேட்டார், காட்டினேன், அதற்குப் பிறகுதான் டேப்பை எடுத்தார். வெளியே கெட்டி நைலான், உள்ளே வழவழப்பான லைனிங், நடுவில் 15 மி.மீ. ஃபோம், குழல் முனைக்கும் பின் சைட் வரும் இடத்துக்கும் இரட்டை ஃபோம். பட்டைகளை மேல் துணியில் வைக்காமல் உறையைச் சுற்றி முழுதாக ஓடவிட்டு, சேரும் இடங்களில் கட்டம் போட்டுக் குறுக்குத் தையல் அடித்தார். ரன்னர் இரண்டும் சந்திக்கும் இடத்தில் சின்னப் பூட்டு போட வளையம். 1,800 ரூபாய், அட்டை வைக்கும் வெளி ஜிப் உட்பட. "பாய், மழைக்கு?" என்று கேட்டதற்கு, தையல் ஓட்டை வழியாகத் தண்ணீர் போகத்தான் செய்யும், மேலே ஒரு ரெயின் கவர் போட்டுக்கொள்ளுங்கள் என்று நேர்மையாகச் சொன்னார்.

அது சரியும்கூட. கோர்டுரா என்றாலும் எக்ஸ்-பேக் என்றாலும் துணி தண்ணீரைத் தடுக்கும், ஜிப்பும் தையலும் தடுக்காது. அமெரிக்க வேட்டைக்காரர்கள் குழல் வாயில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுவார்கள், பனியும் மண்ணும் போகாமல் இருக்க. நமக்கு அதைவிட முக்கியம், வீட்டுக்கு வந்ததும் ரைஃபிளை வெளியே எடுத்துவிடுவது. நனைந்த ஃபோம் நாள் கணக்கில் ஈரத்தை வைத்துக்கொள்ளும், அதற்குள் பூட்டி வைத்தால் துரு நிச்சயம். வெயிலில் நிற்கும் காரிலும் விடாதீர்கள், ரைஃபிளின் காற்றுச் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று இருக்கிறது.

வேட்டைப் பைகளில் சத்தம் வராத துணி என்று ஒன்றைப் பெரிதாக விளம்பரம் செய்வார்கள், மானுக்குக் கேட்கக் கூடாதே. நமக்கு எதற்கு, அதற்குக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

விலைக்கு வருவோம். சட்டகத்தோடு சேர்ந்த நல்ல வேட்டைப் பை 500 டாலரைத் தாண்டும், எபர்லெஸ்டாக்கின் ஸ்கேபர்ட் பைகள் சில அதற்குக் கீழே கிடைக்கும். கூரியரில் வரவழைத்தால் கஸ்டம்ஸ் தனி. அங்கிருந்து வருகிறவர் யாரும் இல்லாவிட்டால் இதற்காக மெனக்கெட வேண்டாம் என்பதே என் கருத்து. மலையேற்றக்காரர்களின் 50, 60 லிட்டர் பையில் நல்ல இடுப்புப் பட்டையும் பக்கவாட்டில் இறுக்குப் பட்டைகளும் இருக்கும். ரைஃபிள் உறையை ஒரு பக்கம் கட்டி, மறுபக்கம் ஷூவும் தண்ணீரும் வைத்தால் ஷெல்ஃப் தரும் வசதியில் பாதிக்கு மேல் கிடைத்துவிடும், விலை நாலில் ஒன்று. உறைக்கு மட்டும் தையல்காரரிடம் போங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். லட்சக்கணக்கில் ரைஃபிளுக்குக் கொடுத்துவிட்டு உறைக்கு ஐநூறு ரூபாய் பேரம் பேசுகிறவர்களை எனக்குப் புரிந்ததே இல்லை.

பிள்ளைகளுக்கு வாங்கும் பெற்றோருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியதிலிருந்து நம் வீடுகளில் பெண் பிள்ளைகளை இந்த விளையாட்டுக்கு அனுப்புவது கூடியிருக்கிறது, சந்தோஷம். ஆனால் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளையின் முதுகு நீளத்துக்குப் பெரியவர்களின் எந்தச் சட்டகப் பையும் பொருந்தாது, இடுப்புப் பட்டை தொடைக்கு இறங்கிவிடும், மொத்தச் சுமையும் தோளில்தான் நிற்கும். அவர்களுக்கு ரைஃபிளைக் கிளப் லாக்கரில் விடுவதோ பெரியவர் யாராவது தூக்குவதோதான் சரி, ஜாக்கெட் பையை மட்டும் அவர்கள் சுமக்கட்டும். லாக்கர் வசதி இருக்கிறதா என்று கிளப்பில் சேரும்போதே கேட்டுவிடுங்கள், பாதிப் பேர் கேட்பதே இல்லை. லாக்கர் கிடைத்துவிட்டால் நான் இங்கே எழுதிய முக்கால்வாசி உங்களுக்குத் தேவைப்படாது, போட்டிக்குப் போகும்போது மட்டும் கெட்டிப் பெட்டியை எடுத்தால் போதும்.